ரகசியத் தாக்குதல் செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை நம்புவது?

பாகிஸ்தானில் அமெரிக்க ட்ரோன்கள் கொன்ற பொதுமக்களின் தொகை செய்திக்குச் செய்தி மாறுகிறதே, எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மட்டக்களப்புக்காரன். யுத்த காலத்தில் எங்கள் வீடுகளில் அரச வானொலியையும் கேட்பார்கள், இரவில் பிபிசி தமிழோசையையும் கேட்பார்கள். வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரையில் நடந்த ஒரே சம்பவம், ஒன்றில் செத்தவர்கள் பயங்கரவாதிகள், மற்றதில் பொதுமக்கள். பெரியவர்கள் உடனே முடிவு சொல்லமாட்டார்கள். மண்முனைத் துறையால் அங்கிருந்து வருகிற சனத்திடம் "ஆருடைய மகன், வயலுக்குப் போனவனா, எந்த இடத்தில்?" என்று விசாரிப்பார்கள். ட்ரோன் செய்தியையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

முதலில், பொதுமக்கள் என்று யாரை எண்ணினார்கள் என்று பாருங்கள். ஒபாமா அரசு, தாக்குதல் நடந்த இடத்தில் இருந்த இளவயது ஆண்கள் எல்லாரையும் போராளிகளாகவே கணக்கெடுத்தது, செத்த பிறகு ஆதாரம் கிடைத்தால்தான் விலக்கியது என்று 2012இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இப்படி எண்ணினால் தொகை குறையத்தானே செய்யும்! 2009 முதல் 2015 வரை, பாகிஸ்தான் உட்பட போர்க்களம் அல்லாத நாடுகளில் செத்த பொதுமக்கள் 64 முதல் 116 பேர் என்றது அமெரிக்கா. லண்டனில் இயங்கும் புலனாய்வு ஊடகவியல் பணியகம் 380 முதல் 801 என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து, அதுதான் நியாயம் என்று நினைப்பது பெரிய பிழை.

அப்புறம், யார் நேரில் போய்ப் பார்த்தது? காபூலில் 2021 ஆகஸ்ட் 29 நடந்த தாக்குதலை அமெரிக்கத் தளபதி முதலில் நியாயமானது என்றார். செய்தியாளர்கள் அந்த வீட்டுக்கே போய், கமரா பதிவுகளைக் கோத்துப் பார்த்தார்கள். தாக்கப்பட்ட காரில் ஏற்றியது வெடிகுண்டு அல்ல, தண்ணீர்க் கேன்கள். செத்த 10 பேரில் 7 பேர் பிள்ளைகள். செப்டம்பர் 17இல் அமெரிக்கா தன் பிழையை ஒப்புக்கொண்டது.

ஆனால் எண் மாறினாலே பொய் என்று எடுக்கக் கூடாது. 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த இடங்களில் எங்கள் சீயோன் தேவாலயமும் ஒன்று. நாடு முழுவதும் 359 பேர் இறந்ததாகச் சொன்ன அரசு, சில நாளில் 253 அளவில் என்று திருத்தியது. உடல்கள் சிதறிக் கிடந்ததில் எண்ணுவதே கடினமாக இருந்தது.

சரி, பாகிஸ்தான் விடயத்தில் நான் அந்தப் பணியகத்தின் கணக்கையே எடுப்பேன். ஒவ்வொரு தாக்குதலுக்கும் திகதி, இடம், சொன்னது யார் என்பதைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். தெளிவில்லாத இடத்தில் ஒரே எண்ணாகச் சுருக்காமல், குறைந்தது இத்தனை, கூடியது இத்தனை என்று விட்டிருக்கிறார்கள்.