இலவசம் என்றால் எல்லாம் உள்ளே இருக்குமா?

கேள்வி: டெபியன், ஃபெடோரா, உபுண்டு மூன்றுமே இலவச லினக்ஸ் இயங்குதளங்கள்தானே? ஒன்றில் ஓடும் வீடியோ இன்னொன்றில் ஏன் ஓடுவதில்லை? பழைய மடிக்கணினிக்கு எதைப் போடலாம்?
– வாசகி, தேனி

பதில்: மூன்றும் இலவசம்தான். ஆனால் எதை உள்ளே சேர்த்துத் தரலாம் என்பதை உரிமமும் காப்புரிமையும் அவரவர் கொள்கையும் தீர்மானிக்கின்றன. ஃபெடோராவின் பின்னால் இருப்பது ரெட் ஹாட் என்ற அமெரிக்க நிறுவனம். அங்கே மென்பொருளுக்கும் காப்புரிமை உண்டு. அதனால்தான் எச்.264 என்ற, பரவலாகப் பயன்படும் வீடியோ வடிவத்துக்கான முழு வசதியை அவர்கள் சேர்ப்பதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற தனி மென்பொருள் களஞ்சியத்தை இணைத்தால் அது கிடைக்கும். எம்பி3 பாட்டுக்கும் 2017இல் காப்புரிமை முடியும்வரை இதே நிலைமைதான்.

டெபியன் கதை வேறு. மூல நிரல் திறந்திராத ஃபர்ம்வேரை (வைஃபை போன்ற வன்பொருள் இயங்கத் தேவைப்படும் சிறு மென்பொருள்) நிறுவல் கோப்பில் வைப்பதில்லை என்று அவர்கள் உறுதியாக இருந்தார்கள். 2019இல் என் மடிக்கணினியில் டெபியன் 10 போட்டபோது வைஃபை எழவே இல்லை. ஃபர்ம்வேரை இன்னொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தேன். அன்று எரிச்சலாக இருந்தாலும் அந்தக் கொள்கையை இன்றும் மதிக்கிறேன். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது.

உங்களுக்கு உபுண்டு போதும். நிறுவும்போது மூன்றாம் தரப்பு மென்பொருள் வேண்டுமா என்று கேட்கும், அதை மறக்காமல் டிக் செய்யுங்கள். அதற்கு முன், பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.