கண்ணைப் பார்த்தால் காதில் விழுவதில்லை

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பதை மனநல மருத்துவர் சென்ற ஆண்டு உறுதிசெய்தார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது மனத்தில் ஏறுவதில்லை. “கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்” என்று மேலாளர் கடிந்துகொள்கிறார். “என் முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?” என்கிறார் மனைவி. கண்களின் படத்தைக் காட்டி உணர்ச்சியைக் கேட்கும் இணையத் தேர்விலும் மதிப்பெண் குறைவு. இதற்கு மருந்தோ பயிற்சியோ உண்டா?

பதில்: மருந்து கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏதாவது விற்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை மூக்கில் தெளித்தால் பிறரோடு பழகும் திறன் கூடும் என்று சில காலம் பெரிதாகப் பேசப்பட்டது. ஆட்டிசமுள்ள சிறுவர்கள், பதின்ம வயதினர் 290 பேரைக் கொண்டு அமெரிக்காவில் 24 வாரம் ஆய்வு நடந்தது. மருந்தே கலக்காத வெறும் தெளிப்பைவிட அது மேலானதாக இல்லை என்று 2021இல் முடிவு வெளியானது.

உங்கள் கண் ஏன் விலகுகிறது? யாரையாவது நிறுத்தி, “பதினேழை ஆறால் பெருக்கினால் எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் பார்வை உடனே கூரைக்கோ தரைக்கோ போகும். கடினமாக யோசிக்கும்போது எல்லாரும் எதிரிலுள்ள முகத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு முகம் அவ்வளவு கவனத்தைத் தின்னும். உங்களுக்குச் சாதாரணப் பேச்சிலேயே அந்த நிலை வந்துவிடுகிறது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், படத்திலுள்ள முகத்தின் கண் பகுதியிலேயே பார்வையை நிறுத்தச் சொன்னார்கள். ஆட்டிசமுள்ளவர்களின் மூளையில், முகத்தைக் கண்டதும் எச்சரிக்கை அடையும் ஆழ்பகுதிகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகமாகக் கிளர்ந்தன. ஆகவே நீங்கள் விலகுவது அக்கறைக் குறைவால் அல்ல. பார்வையை விலக்கித்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்கிறீர்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் 2002இல் ஆட்டிசமுள்ளவர்களுக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, அவர்களின் பார்வை திரையில் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவுசெய்தார்கள். மற்றவர்கள் நடிகர்களின் கண்களைத் தொடர்ந்தபோது, இவர்கள் வாயையும் உடலையும் பொருள்களையும் அதிகம் பார்த்தார்கள். பேச்சு வாயிலிருந்துதானே வருகிறது, அதில் நியாயம் இருக்கிறது. தவறிப்போவது பேச்சில் வராத சேதி. அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் “இந்த பில்களை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே ஒரே ஒருவரைப் பார்ப்பார். மேசையைச் சுற்றி இருக்கும் மற்றவர்களுக்கு அது யாருக்கான வேலை என்று தெரிந்துவிடும். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்ததும் “பொறுப்பில்லாதவர்” என்ற பெயர் வரும். பேசி முடிக்கப் போகிறவர் கேட்பவரை ஒருதடவை பார்த்துப் பேசும் முறையைக் கைமாற்றுவதும் இப்படித்தான். அதைக் காணாதவர் இடையில் புகுந்துவிடுவார், அல்லது தன் முறை வந்தும் பேசாமல் இருப்பார்.

அந்த இணையத் தேர்வைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கேம்பிரிட்ஜில் 1997இல் உருவாகி 2001இல் திருத்தப்பட்டது அது. கண்களை மட்டும் காட்டும் 36 படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். அசையாத படம், குரல் இல்லை, சூழல் இல்லை. ஆங்கிலச் சொல்வளம் குறைந்தாலே மதிப்பெண் குறையும். தன் மனத்தில் எழும் உணர்ச்சி கோபமா பயமா என்றே பிரித்தறிய முடியாத நிலை ஒன்று உண்டு. மருத்துவத்தில் அலெக்ஸிதைமியா என்போம். ஆட்டிசமுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருக்கிறது. இந்தத் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைப்பது ஆட்டிசத்தைவிட அலெக்ஸிதைமியாதான் என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நெஞ்சு படபடக்கும்போது அது எதனால் என்று உங்களுக்குப் பெயர் சொல்ல வராவிட்டால், அதை உங்கள் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். உளவியல் ஆலோசனையில் அதற்கென்று வேலை செய்ய முடியும்.

பயிற்சி விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. கண்ணைப் பார்க்கப் பழக்கினால், பார்க்கிற பழக்கம் வரும். புரிந்துகொள்வதும் கூடவே வரும் என்பதற்கு உறுதி இல்லை. நாள் முழுவதும் இயல்பானவர்போல் நடித்து, மாலையில் யாரோடும் பேச முடியாமல் படுத்துவிடுகிறவர்களை நான் பார்க்கிறேன். அப்படி மறைத்து வாழ்வதோடு பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்தே காணப்படுகின்றன. நம் ஊரிலே இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே முறைத்துப் பேசாதே என்று வளர்க்கிறோம், பிறகு நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசு என்கிறோம்.

மேலாளரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், நான் கீழே பார்க்கும்போதுதான் நன்றாகக் கேட்கிறேன். எனக்கான வேலையை என் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், முடிந்தால் மின்னஞ்சலிலும் ஒரு வரி போடுங்கள்.” ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தவிர்க்க முடியாத சந்திப்புகளில் எதிரிலிருப்பவரின் புருவத்துக்கு நடுவே பார்த்தால் போதும், வித்தியாசம் அவருக்குத் தெரியாது. எதிரெதிரே உட்காராமல் மேசையின் ஓரம் திரும்பி உட்காருங்கள்.

மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்டிசமுள்ளவர்கள் தமக்குள் ஒரு செய்தியைக் கைமாற்றும்போது, மற்றவர்கள் தமக்குள் செய்வதற்குக் குறையாமல் செய்தார்கள் என்றும், இரு சாராரும் கலந்த குழுவில்தான் செய்தி அதிகம் சிதைந்தது என்றும் எடின்பரோவில் 2020இல் வெளியான ஆய்வு கண்டது. அதாவது புரியாமை இரு பக்கமும் இருக்கலாம்; உங்கள் முகத்தைப் படிப்பதில் அவருக்கும் சிரமம் இருக்கலாம். “இன்று எனக்கு மனம் சரியில்லை, பக்கத்தில் உட்காருங்கள்” என்று அவர் வாயால் சொல்லட்டும். “நீ கோபமாக இருக்கிறாயா, களைப்பாக இருக்கிறாயா?” என்று நீங்களும் நேராகக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் அன்பு மட்டமானது என்று அவர் நினைத்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

அலுவலகத்தில் நெருக்கடி முற்றினால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மனிதவளப் பிரிவிடம் அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.