வெள்ளைப்புள்ளி வந்த தங்கமீனும் பில் தராத கடையும்

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். டிசம்பரில் கோவையில் ஒரு கடையில் நான்கு தங்கமீன்கள் வாங்கினேன். விலை 2,800 ரூபாய். ஜிபேயில் கட்டினேன், பில் தரவில்லை. மூன்று வருடமாக இரண்டு மீன்கள் நன்றாக இருந்த தொட்டியிலேயே விட்டேன். பதினெட்டாம் நாள் எல்லா மீன்களின் மேலும் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப்புள்ளிகள். கடைக்காரர் லேபிள் இல்லாத மஞ்சள் பொடி ஒரு பொட்டலம் 150 ரூபாய்க்குக் கொடுத்தார். போட்ட மறுநாள் மூன்று செத்தன. அதில் ஒன்று என் பழைய மீன். “பதினெட்டு நாள் கழித்து வந்த நோய்க்கு நான் என்ன செய்வது, உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது” என்கிறார். வழக்குப் போடலாமா? செத்த மீன்கள் ஃப்ரீசரில் இருக்கின்றன.

பதில்: போடலாம். ஆனால் மீதி மூன்றையும் முதலில் காப்பாற்றுங்கள். பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் சாட்சியே இனி அவைதான். வெள்ளைப்புள்ளி என்பது ஒட்டுண்ணி. மீன் செத்ததும் அது உடம்பை விட்டுக் கிளம்பிவிடும். ஃப்ரீசரில் இருப்பதை வைத்து எந்த ஆய்வகமும் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. உயிரோடு இருக்கும் மீனின் மேல்தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் யாராவது கிடைத்தால் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாக இருந்தால் அது நோயே இல்லை. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் மீனுக்கு வருவது. ஊட்டியில் என் வீட்டுத் தொட்டியில் இதைப் பார்த்து மிரண்டு, நல்ல மீனுக்கு ஒரு வாரம் மருந்து ஊற்றியவன் நான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கலாம். உங்கள் மீன்களுக்கு வால், முதுகு எல்லா இடத்திலும் இருப்பதால் கவலையில்லை. தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, அந்த போனிலேயே அழிக்காமல் வையுங்கள்.

அடுத்து அந்தப் பதினெட்டு நாள் வாதம். சமவெளியில் இது எடுபடும். தண்ணீர் 25 டிகிரி இருந்தால் இந்த ஒட்டுண்ணியின் ஒரு வாழ்க்கைச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்து புள்ளி வெளியே தெரிந்துவிடும். டிசம்பர் குன்னூரில் ஹீட்டர் இல்லாத தொட்டியின் தண்ணீர் கையை வைத்தாலே விறைக்கும். அந்தக் குளிரில் அதே சுற்று பல வாரம் இழுக்கும். ஆகவே கடையிலேயே தொற்றிய நோய் பதினெட்டாம் நாள் தலைகாட்டுவது இயல்புதான். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, காலையும் மாலையும் தண்ணீரின் வெப்பநிலையை எழுதி வையுங்கள். மூன்று வருடம் ஓடிய தொட்டி என்பதால் ‘புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியா ஏறியிருக்கும்’ என்றும் அவர் தப்ப முடியாது. ஆனால் ஒரு ஓட்டை உங்கள் பக்கமும் இருக்கிறது. புதிய மீன்களைத் தனித் தொட்டியில் சில வாரம் வைக்காமல் நேரே விட்டீர்கள். பழைய மீனுக்கு இழப்பீடு கேட்கும்போது இது குறுக்கே வரும்.

சட்டம் சுருக்கமாக: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள்’ என்பதில் எல்லா அசையும் சொத்தும் அடங்கும், மீனும்தான். பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. திருப்பித் தர பில்லில் கெடு இல்லாவிட்டால் முப்பது நாள் கணக்கு, நீங்கள் அதற்குள் சொல்லிவிட்டீர்கள். ‘கேரண்டி கிடையாது’ என்று கடைக்காரர் வாயால் சொன்னதால் மட்டும் இதெல்லாம் இல்லாமல் போகாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பதால் கோவைக்கு அலைய வேண்டாம், உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, வக்கீலும் கட்டாயமில்லை.

என்னைக் கேட்டால் மீனைவிடப் பொடியைத்தான் பிடித்துக்கொள்வேன். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் விலங்குகளுக்கான மருந்தும் மருந்துதான். என்ன மருந்து, யார் தயாரித்தது, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று எதுவும் இல்லாத பொட்டலத்தைக் காசுக்கு விற்றதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? மீதிப் பொடியைப் பொட்டலத்தோடு உறையில் ஒட்டி வையுங்கள். இனி ஒரு சிட்டிகைகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

மருத்துவர் கிடைக்கும்வரை தண்ணீரில் கால்பங்கை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கிவிட்டு. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பை ஒன்றிரண்டு நாளில் பிரித்துப் பிரித்துக் கரைத்து விடுங்கள். ஏர் பம்ப் ஓடட்டும். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். தோலுக்கடியில் இருப்பதை உப்பும் மருந்தும் தொடாது, வெளியே வந்து நீந்தும்போதுதான் கொல்லும். குளிரில் அதற்கு நாள் கூடுதலாக ஆகும்.

அப்புறம் கடைக்காரருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ்: ஜிபே பரிமாற்ற எண், வாங்கிய தேதி, புள்ளி தெரிந்த தேதி, பொடி வாங்கிய தேதி, 2,950 ரூபாய், பதினைந்து நாள் கெடு. லேபிள் இல்லாத பொடி பற்றிய வரியை முதல் பத்தியிலேயே வையுங்கள். ஆணையம் வரை போகாமல் பணம் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டால் அந்த நோட்டீஸின் நகலையும் தபால் ரசீதையும் மனுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.