வாசகர் கேள்வி – பதில்: தோய்க்காத டெனிமும் சரியான அளவும்

பழைய அமெரிக்க மாதிரியில் தைக்கப்பட்டு, ஒருமுறையேனும் தோய்க்கப்படாமல் விற்பனைக்கு வரும் ரோ டெனிம் ஜீன்ஸ் பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்களில் வெளிநாட்டு உறவினர் ஒருவரும் வரவிருக்கும் பார்சல் ஒன்றும் இருப்பதால், கடையில் போட்டுப் பார்த்து வாங்க முடியாதவர்களை மனத்தில் வைத்தே இங்கே பதில் எழுதுகிறோம்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா எனக்கு ஒரு ரோ டெனிம் ஜீன்ஸ் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். தோய்த்தால் சுருங்கும், பெரிய அளவாக எடுக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம். நான் இங்கே வாங்கும் ஜீன்ஸில் 32 என்று போட்டிருக்கும். அண்ணாவிடம் எந்த அளவைச் சொல்வது?
— ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: அளவைச் சொல்வதற்கு முன் அண்ணாவிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் துணி சான்ஃபரைஸ் செய்யப்பட்டதா, அதாவது வெட்டித் தைப்பதற்கு முன்பே இயந்திரத்தில் சுருக்கி எடுக்கப்பட்டதா, இல்லையா? ரோ டெனிம் என்றாலே நிறையச் சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சரியன்று. தோய்க்காமல் விற்கப்படுவது எல்லாம் ரோ டெனிம்தான். அவற்றுள் சான்ஃபரைஸ் செய்யப்பட்டது நூற்றுக்கு 1 முதல் 3 வீதம் வரையே சுருங்கும். செய்யப்படாதது 7 முதல் 10 வீதம் வரை சுருங்கும். முதல் வகையைப் பெரிதாக வாங்கினால் கடைசிவரை அது தொளதொளவென்று நிற்கும். இரண்டாவது வகையை உங்கள் அளவிலேயே வாங்கினால் முதல் தோய்ப்புக்குப் பிறகு பொத்தான் பூட்ட முடியாது.

அடுத்ததாக, ஜீன்ஸில் போட்டிருக்கும் 32 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். இன்றைய ஜீன்ஸ் பலவற்றில் 32 என்று எழுதியிருக்கும், அளந்து பார்த்தால் 33 அல்லது 34 அங்குலம் இருக்கும். உங்களிடம் உள்ளவற்றில் நன்றாகப் பொருந்தும் ஒன்றை எடுத்துப் பொத்தானைப் பூட்டி மேசையில் பரப்புங்கள். இடுப்புப்பட்டியின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி இழுத்துச் சரிசெய்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை நாடாவால் அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். அதன்பின் கவட்டுத் தையலிலிருந்து கால் ஓரம் வரையான உள்நீளம், கவட்டுத் தையலிலிருந்து முன்பக்க இடுப்புப்பட்டியின் மேல்விளிம்பு வரையான முன் உயரம், கவட்டுக்கு ஓர் அங்குலம் கீழே தொடையின் அகலம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணாவுக்கு அனுப்ப வேண்டியவை இந்த நான்கு அளவுகளே.

சான்ஃபரைஸ் செய்யாத ஜீன்ஸ் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் பார்ப்போம். உங்களுக்குத் தேவையான இடுப்பு 33 அங்குலம், உள்நீளம் 30 அங்குலம். கடையில் அளக்கும்போது இடுப்பு 34½ அங்குலம் உள்ள ஒன்று, 7 வீதம் சுருங்கினால் 32 அங்குலத்துக்குச் சற்றே மேலே வந்து நிற்கும். சில நாட்கள் உடுத்தியதும் இடுப்புப்பட்டி ஏறத்தாழ ஓர் அங்குலம் நெகிழ்ந்து கொடுக்கும். ஆக நீங்கள் விரும்பிய 33 கிடைத்துவிடும். நீளம் அப்படி நெகிழ்ந்து திரும்பி வராது. 33 அங்குல உள்நீளம் 9 வீதம் சுருங்கினால் 30 ஆகும் என்பதால், 34 அங்குலத்தை வாங்கிப் பிறகு வெட்டுவதே பாதுகாப்பானது. கூடிய நீளத்தை வெட்டலாம், குறைந்த நீளத்தை ஒட்ட முடியாது.

முன் உயரத்தைப் பெரும்பாலானோர் கவனிப்பதேயில்லை. அதுவும் நீளவாக்கில் உள்ளதால் சுருங்கும். 12 அங்குலம் 11 ஆகிவிடும். வயல் வேலைக்கோ மோட்டார் சைக்கிள் ஓட்டத்துக்கோ உடுத்துபவருக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய வித்தியாசம். சுருங்கிய பிறகும் குந்தி இருக்கும்போது பின்பக்கம் இறங்காமல் இருக்க வேண்டுமானால், தொடக்கத்திலேயே உயரமான இடுப்புள்ள மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனை கணக்கும் வேண்டாம் என்றால், தயாரிப்பாளரே ஒருமுறை அலசிக் காயவைத்து விற்கும் ஜீன்ஸை அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் பல இப்படி விற்கின்றன. பெரும்பகுதிச் சுருக்கம் அங்கேயே முடிந்துவிடுவதால், அளந்து எழுதப்பட்ட எண்ணை ஏறத்தாழ அப்படியே நம்பலாம். தூரத்திலிருந்து வாங்குபவருக்கு எமது முதல் பரிந்துரை இதுதான்.

கேள்வி: ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். துணி சுருங்குவதைத் தினமும் பார்க்கிறேன்; ஆனால் ஏன் நீளவாக்கில் மட்டும் இவ்வளவு சுருங்குகிறது என்று எவரும் விளக்கவில்லை. சான்ஃபரைஸ் என்பது என்ன?
— ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தறியில் பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், முழுநேரமும் விறைப்பாக இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சியும் ஏற்றுகிறார்கள். அந்த இழுவை நெய்து முடிந்த துணியிலும் தங்கிவிடுகிறது. துணி நனைந்ததும் பருத்தி நூல் ஊதிப் பருக்கிறது. குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் பருத்துவிட்டதால், அவற்றை மேலும் கீழுமாகச் சுற்றிச் செல்லப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அதைத் துணியின் நீளத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நூலின் நீளம் அவ்வளவாகக் குறைவதில்லை, அதன் வளைவுதான் கூடுகிறது. ஆகவே சுருக்கம் நீளவாக்கில் அதிகமாகவும் அகலவாக்கில் குறைவாகவும் இருக்கிறது.

தைக்கும் இடத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் பயன்படும். இடுப்புப்பட்டி பெரும்பாலும் பாவு வாக்கில் வெட்டப்படுகிறது. எனவே அது கால்நீளத்தைப் போலவே சுருங்குகிறது. தொடைச்சுற்று ஊடை வாக்கில் இருப்பதால் அவ்வளவாகக் குறைவதில்லை. தொடை சரியாக இருக்க இடுப்பு மட்டும் இறுகிவிட்டது என்று சொல்பவர்களின் முறைப்பாட்டுக்குக் காரணம் இதுவே.

சான்ஃபரைஸ் என்ற பெயர் சான்ஃபர்ட் க்ளூவெட் என்பவரிடமிருந்து வந்தது. நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரில் சட்டைக் கழுத்துப்பட்டிகள் செய்த ஒரு நிறுவனத்தில் இருந்த அவர், 1930ஆம் ஆண்டளவில் இம்முறையை உருவாக்கினார். ஈரமாக்கிய துணியைத் தடித்த இறப்பர் பட்டையோடு சேர்த்து உருளையில் செலுத்தும்போது, உருளையின் வளைவில் நீளும் பட்டை அதைக் கடந்ததும் பழைய நிலைக்குச் சுருங்குகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் துணியும் கூடவே நெருக்கப்படுகிறது. வெட்டுவதற்கு முன்பே சுருக்கத்தின் பெரும்பகுதி இவ்வாறு தீர்ந்துவிடுகிறது.

கேள்வி: ஒரே நிறுவனம் 1937, 1947, 1955, 1966 என்று ஆண்டுகளின் பெயரில் ஜீன்ஸ் விற்கிறது. ஒன்றின் பின்பக்கத்தில் சிறிய பட்டியும் கொளுவியும் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகர், மல்லாவி

பதில்: லீவாய் ஸ்ட்ராஸும் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் இன்றைய ஜீன்ஸின் முன்னோடியான, செப்பு ஆணி அடித்த காற்சட்டைக்குக் காப்புரிமை பெற்றது 1873ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி. அந்தக் காற்சட்டையின் வெட்டு காலத்துக்குக் காலம் மாறி வந்ததால், பழைய மாதிரிகளை இப்போது மீண்டும் தைப்பவர்கள் ஆண்டையே பெயராக வைக்கிறார்கள். பின்பக்கப் பட்டியும் கொளுவியும், இடுப்புவார் பொதுவழக்கமாவதற்கு முன் இடுப்பை இறுக்குவதற்காக வைக்கப்பட்டவை; இடுப்புவாருக்கான வளையங்கள் 1922இல் சேர்ந்தன; போர்க்காலச் சிக்கனத்தில் கொளுவி கைவிடப்பட்டது.

பொதுவாகச் சொன்னால், 1937 மாதிரி இடுப்பு உயர்ந்து, பின்பக்கம் தாராளமாக இருக்கும். 1947 மாதிரி நேரான காலோடு அளவாக நிற்கும். 1955 அகலமானது. 1966 கீழே சற்றுக் குறுகியது. முதன்முறை வாங்குபவருக்கு 1947ஐயே சொல்வோம். மோட்டார் சைக்கிளில் அதிகம் செல்பவர்கள் கொளுவி வைத்ததைத் தவிர்க்கலாம். அது இருக்கையைக் கீறிவிடும்.

கேள்வி: முதல் தோய்ப்புக்குக் குளியல் தொட்டியில் சுடுநீர் நிரப்பி ஊறவிடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் கிணறும் வாளியும்தான் உண்டு. என்ன செய்வது?
— ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: தொட்டி தேவையில்லை, ஜீன்ஸ் மடங்கி நெருக்கப்படாமல் அமிழக்கூடிய அகன்ற பாத்திரம் ஒன்று போதும். உடுப்பு ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பேசின் நல்லது. ஜீன்ஸின் உட்புறத்தை வெளியே திருப்பிப் பொத்தான்களைப் பூட்டிக்கொள்ளுங்கள். கொதித்த நீரோடு கிணற்றுநீரைக் கலந்து, கையை வைத்தால் சிறிது நேரமே பொறுக்க முடியும் என்ற சூட்டில் ஊற்றுங்கள். கஞ்சி ஏறிய புதுத்துணி நீரை உடனே குடிக்காது. மேலே மிதந்து, ஓரங்களில் காற்றுக் குமிழ்களை விட்டுக்கொண்டிருக்கும். ஒரு தட்டைக் கவிழ்த்துக் கல்லை ஏற்றி முக்கால் மணிநேரம் அமிழ்த்தி வையுங்கள். வெளியே வரும் நீர் மங்கிய நீலமாகவும் கொழகொழப்பாகவும் இருக்கும். அது கஞ்சியும் ஒட்டாத சாயமுமே. இந்த முதல் ஊறலுக்குச் சவர்க்காரம் வேண்டாம்.

பிழியாமல் தூக்கி நீரை வடியவிட்டு, இடுப்புப்பட்டியில் பிடித்து நிழலில் கொடியில் போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே விரைவில் காய்ந்துவிடும். நேர்வெயிலில் போட்டால் சாயம் ஒருபக்கமாக வெளுக்கும். இலேசான ஈரம் இருக்கும்போது அரை மணிநேரம் உடுத்தி நடந்தால் இடுப்பும் முழங்காலும் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி அமையும். முழுச்சுருக்கமும் ஒரே தடவையில் முடிவதில்லை. இரண்டாவது, மூன்றாவது தோய்ப்பிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

செந்நிறப் படிவு விழும் நீர் உள்ள இடங்களில் அந்த நீரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெள்ளை ஊடை நூல் பழுப்பேறிவிடும். பாடசாலைச் சீருடை ஊறிய பாத்திரத்தில் இதை ஊறவைக்கவும் வேண்டாம், இதை ஊறவைத்த பாத்திரத்தில் சீருடையை ஊறவைக்கவும் வேண்டாம்.

கேள்வி: என் மகன் ஆறு மாதம் தோய்க்கக் கூடாது என்று சொல்லி ஒரே ஜீன்ஸை உடுத்துகிறான். இது சரியா?
— ஒரு தாய், முல்லைத்தீவு

பதில்: அம்மா, மகன் சொல்வதில் ஒரு காரணம் உண்டு. டெனிமின் பாவு நூலில் நீலச்சாயம் மேற்பரப்பில் மட்டுமே ஏறுகிறது, நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கிறது. உடுத்தி உடுத்தித் தேயும் மடிப்புகளில் அந்த வெள்ளை வெளிப்பட்டு, அவரவர் உடம்புக்கே உரிய கோடுகள் விழுகின்றன. தோய்ப்பதைத் தள்ளிப்போட்டால் அந்தக் கோடுகள் அழுத்தமாகத் தெரியும்.

ஆனால் அந்தக் கணக்கு குளிர்நாட்டுக் கணக்கு. வியர்வையும் கிரவல் வீதியின் செம்புழுதியும் சேர்ந்தால், நூலிடுக்கில் தங்கும் மணல் துணியை உள்ளிருந்தே அராவும். கவட்டுப்பகுதி முதலில் கிழியும். இங்கே தினமும் உடுத்துபவர் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாவது தோய்க்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. உட்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில், கொஞ்சம் சலவைத்தூளோடு கையால் அலசினால் மகன் விரும்பும் கோடுகள் அழியமாட்டா.

கேள்வி: எமது வெக்கைக்கு எந்தப் பாரமான துணி பொருந்தும்? தோய்த்தபின் கால் முறுக்கிக்கொள்வது குறையா?
— ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒரு சதுர யார் துணியின் எடையை அவுன்ஸில் சொல்வது வழக்கம். வழமையான பழைய மாதிரிகள் 12 முதல் 14 அவுன்ஸ் வரை இருக்கும். வன்னியில் 12க்கு மேல் போக வேண்டாம், 10 கிடைத்தால் இன்னும் நல்லது. கால் முறுக்கிக்கொள்வது, டெனிமில் சாய்ந்த வரிகளாகத் தெரியும் சாய்வுநெசவின் இயல்பு. பழைய ஜீன்ஸ் எல்லாம் அப்படித்தான் இருந்தன. பக்கத்தையல் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றால் மட்டுமே அதைக் குறை என்று சொல்லலாம்.

கேள்வி: தையற்கடை வைத்திருக்கிறேன். இந்தத் தடித்த ஜீன்ஸைக் கொண்டுவந்து உடனே கால் வெட்டித் தரக் கேட்கிறார்கள். தையல் இயந்திரம் திணறுகிறது. ஓரத்தில் சங்கிலித் தையல்தான் வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள்.
— ஒரு தையற்காரர், வவுனியா

பதில்: ஐயா, தோய்க்காமல் கொண்டுவந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். குறைந்தது இரண்டு முறை தோய்த்துக் காயவைத்த பின்பே வெட்ட வேண்டும். அதற்கு முன் வெட்டியவர் பிறகு உங்களைத்தான் குறைசொல்வார். உடுத்தச் சொல்லி, வழமையாகப் போடும் செருப்போ சப்பாத்தோ காலில் இருக்கும்போதே அடையாளமிடுங்கள். மடிப்புக்கு ஓர் அங்குலம் விட்டு வெட்டி, அரையங்குலமாக இரண்டு தரம் மடியுங்கள்.

இயந்திரம் திணறுவது பக்கத்தையல் மடிப்பின்மேல் ஏறும்போதுதான். அந்த இடத்தைப் பழந்துணியால் மூடி மரச்சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். 16 அல்லது 18ஆம் இலக்க ஊசியைப் போட்டு, அந்த இடத்தில் மட்டும் கையால் சக்கரத்தைச் சுழற்றித் தையுங்கள். சங்கிலித் தையலுக்கு யூனியன் ஸ்பெஷல் 43200ஜி என்ற பழைய இயந்திரத்தையே ஆர்வலர்கள் தேடுகிறார்கள். அதில் தைத்த ஓரம் தோய்க்கத் தோய்க்கக் கயிறு முறுக்கியதுபோல் வெளுக்கும். அழகுக்கு அது சரி. ஆனால் சங்கிலித் தையலின் ஒரு முனை அறுந்தால் முழு ஓரமும் பிரிந்துவரக்கூடும். உங்கள் சாதாரண இயந்திரத்தின் பூட்டுத் தையல் அப்படிப் பிரியாது. தடித்த நூலில், சற்று நீண்ட தையலாக, பழைய ஓரத்தின் நிறத்துக்கு ஏற்ற நூலைப் போட்டுத் தைத்துக் கொடுங்கள். வெட்டியெடுத்த துண்டையும் ஜீன்ஸோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், முழங்கால் கிழியும்போது ஒட்டுப்போட அதே துணி வேறெங்கும் கிடைக்காது.