பட்டிஸ்டுட்டாவின் கணுக்கால்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். அர்ஜென்டினாவின் கால்பந்து முன்கள வீரர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் கேப்ரியல் பட்டிஸ்டுட்டாவை முதலிடத்தில் வைத்திருந்தீர்கள். எனக்கு இரண்டு ஐயங்கள். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரின் கழகமான ஃபியோரென்டினாவில் ஒன்பது ஆண்டுகள் ஆடியும் அவர் ஒருமுறைகூட லீக் பட்டம் வெல்லவில்லை. மிலான், யுவென்டஸ் போன்ற பெரிய கழகம் ஒன்றுக்குப் போயிருக்க வேண்டியவர் தன் நல்ல வயதை அங்கே வீணடித்துவிட்டார் என்று ஏன் சொல்லக்கூடாது? அடுத்தது, கால்பந்து தனக்கு ஒரு வேலை மட்டுமே என்று அவர் சொன்னதாகப் படித்தேன். காலை வெட்டிவிடும்படி மருத்துவரிடம் கேட்டார் என்றும் படித்தேன். மனதுக்குப் பிடிக்காத ஒன்றுக்காக ஒருவர் அந்த அளவுக்குப் போவாரா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பட்டிஸ்டுட்டா 1969இல் சாந்தா ஃபே மாகாணத்தில் பிறந்து, ரெகோன்கிஸ்டா என்ற சிறுநகரில் வளர்ந்தவர். தென்னமெரிக்க வீரர் என்றதும் நம் மனதில் வரும், பொழுது விடிந்ததிலிருந்து பந்தும் தெருவுமாகத் திரிந்த சிறுவன் அல்ல அவர். உயரமான பையன் என்பதால் கூடைப்பந்தும் ஆடினார், கால்பந்துக்குத் தாமதமாகவே வந்தார். ரொசாரியோ நகரின் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் கழகத்தில் சேர்ந்தபோது உடல் கனத்திருந்தது. அங்கே பயிற்சியளித்த மார்செலோ பியெல்சா, பையன் விரும்பித் தின்ற அல்ஃபஹோர் என்ற இனிப்பை நிறுத்தச் செய்தார், மழையிலும் ஓடவிட்டார். பிறவியிலேயே பந்து காலில் ஒட்டிக்கொண்ட மரடோனாவைப் போன்றவர்களிடமிருந்து அவரை நான் பிரித்துப் பார்ப்பது இங்கேதான். ஒரு தச்சர் உளியைப் பழகுவதுபோல் அவர் கோல் அடிக்கப் பழகினார்.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதை 1999 அக்டோபரில் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஃபியோரென்டினாவுக்காக, ஆங்கிலக் கழகமான ஆர்சனலுக்கு எதிராக அடித்த கோலில் பார்க்கலாம். வலது ஓரத்தில் பந்தைப் பெற்று, தடுப்பாளரை ஓரடி கடந்து, கோல் கம்பம் ஒரு கீற்றாக மட்டுமே தெரியக்கூடிய கோணத்திலிருந்து அடிக்கிறார். பந்து கோல்காப்பாளர் சீமனைத் தாண்டி எதிர்மூலையின் உச்சியில் போய்ப் பாய்கிறது. அடிக்கும் காலையே எல்லோரும் பார்ப்போம். நீங்கள் ஒருமுறை ஊன்றிய காலைக் கவனியுங்கள். முழு வேகத்தில் ஓடிவரும் கனத்த உடலை ஒரே கணத்தில் நிறுத்தி, திருப்பி, அந்த விசையைத் தாங்கிக்கொள்வது ஊன்றிய காலின் கணுதான். ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தால், எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோகும். அவர் வலியோடும் ஆடினார். 2005இல் ஓய்வு பெற்ற சில நாட்களிலேயே நடக்க முடியாமல் போயிற்று. கழிப்பறை மூன்று மீட்டர் தூரத்தில்தான் இருந்தது, கீழே கால் ஊன்றினால் கணு கொல்லும் என்பதால் எழுந்து போகாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்தேன் என்று 2014இல் ஒரு பேட்டியில் சொன்னார். கால்களை வெட்டிவிடச் சொன்னதும், மருத்துவர் மறுத்ததும் அதே பேட்டியில்தான் வருகிறது. 2019இல் சுவிட்சர்லாந்தில் அவருக்குச் செயற்கைக் கணு பொருத்தினார்கள்.

வேலை என்று சொன்னவர் ஏன் இவ்வளவு தூரம் போனார் என்கிறீர்கள். வேலை என்ற சொல்லை நீங்கள் சற்றுக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அறுவடைக் காலத்தில் காய்ச்சலோடும் வயலில் இறங்குகிற மனிதரிடம் மண்ணை நேசிக்கிறாயா என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. ஒப்புக்கொண்டதை முடிக்காமல் அவரால் வீட்டில் இருக்க முடியாது, அவ்வளவுதான். பட்டிஸ்டுட்டாவை நான் அந்த இனத்து மனிதராகவே பார்க்கிறேன்.

இனி ஃபுளோரன்ஸ். ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் இரண்டிலும் ஆடியபின், தென்னமெரிக்க நாடுகளின் போட்டியான கோபா அமெரிக்காவில் 1991இல் ஆறு கோல்கள் அடித்து, அதே ஆண்டு அவர் ஃபியோரென்டினாவுக்கு வந்தார். 1993இல் அணி இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கியது. அந்தக் கோடையில்தான் கோபா அமெரிக்கா இறுதியில் மெக்சிகோவுக்கு எதிராக இரு கோல்களையும் அடித்து அர்ஜென்டினாவுக்குக் கோப்பையை வாங்கித் தந்திருந்தார்; எந்தக் கழகத்துக்கும் போயிருக்கலாம். போகவில்லை. இறங்கிய அணியோடு தானும் இறங்கி, 16 கோல்கள் அடித்து, அடுத்த ஆண்டே மேலே கொண்டுவந்தார். ஏறிவந்த 1994-95 பருவத்தில் முதல் பதினொரு ஆட்டங்களிலும் தொடர்ந்து கோல் அடித்து, 1960களிலிருந்து நின்ற எசியோ பாஸ்குட்டியின் சாதனையை முறியடித்தார். 26 கோல்களோடு அந்தப் பருவத்தில் இத்தாலிய லீகில் அதிக கோல் அடித்தவராகவும் ஆனார். அந்த நகரத்து ரசிகர்கள் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

லீக் பட்டம் கிடைக்கவில்லை என்பது உண்மை. 1998-99இல் டிராபட்டோனியின் பயிற்சியில் அணி முதலிடத்தில் இருந்தது. பிப்ரவரியில் மிலானுடனான ஆட்டத்தில் அவர் காயமடைந்தார், அதே நாட்களில் சக முன்கள வீரர் எட்முண்டோ திருவிழாவுக்காக ரியோவுக்குப் போய்விட்டார், அணி மூன்றாமிடத்துக்குச் சரிந்தது. அந்த ஆண்டை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். ஆனால் அதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. அர்ஜென்டினாவுக்காக 1994இல் கிரீஸுக்கும் 1998இல் ஜமைக்காவுக்கும் எதிராக ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று கோல்கள் அடித்து, இரு உலகக்கோப்பைகளில் அதைச் செய்த ஒரே வீரராக நிற்பதும் அவர் ஃபுளோரன்ஸில் இருந்த காலத்தில்தான்.

2000இல், 31 வயதில், ரோம் நகரின் ரோமா கழகத்துக்குப் போனார். 20 கோல்கள் அடித்தார். 2001 ஜூன் 17 அன்று பார்மாவை 3-1 என வென்று பட்டம் உறுதியானபோது மூன்றாவது கோல் அவருடையது. நீங்கள் கேட்கும் பட்டம் இப்படிக் கிடைத்தே விட்டது, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதே பருவத்தின் நவம்பர் மாதத்து ஆட்டம் ஒன்றின் காணொளியைத் தேடிப் பாருங்கள். ரோமாவின் சொந்த மைதானம், எதிரணி ஃபியோரென்டினா, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது தொலைவிலிருந்து வரும் பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கிறார், 1-0. சக வீரர்கள் மேலே விழுந்து கட்டிக்கொள்கிறார்கள். கோலை ஒருமுறை பார்த்தால் போதும். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். அழுதுகொண்டிருக்கிறார்.