'நீங்க கேரளாவா?'

கே: சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருப்பதைப் பார்த்ததும் கல்லூரியில் "உனக்கு புட்டும் கடலையும்தானாடா?" என்று கேலி. எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?
– ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

ப: 'மலையாளி' என்பது நம் மலைகளில் வாழும் ஒரு பழங்குடியின் பெயர் என்பதை எல்லோருக்கும் விளக்க வேண்டாம். "மலையாளின்னா மலைக்காரங்க, வீட்டுல பேசுறது தமிழ்" என்பதோடு நிறுத்துங்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய கதையையும் சொல்லலாம்தான். ஆனால் கேலி செய்தவர் அதற்குள் கொட்டாவி விடுவார்.

உண்மையில் கேலியைவிடப் படிவத்தில்தான் ஆபத்து. இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர், சாதியைப் பார்த்த வேகத்தில் தாய்மொழிக் கட்டத்தில் 'மலையாளம்' என்று போட்டுவிடக்கூடும். சமர்ப்பிக்கும் முன் திரையைத் திருப்பச் சொல்லிப் படியுங்கள்: சாதி மலையாளி, பிரிவு பழங்குடியினர், தாய்மொழி தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்பது மாவட்டங்களோடு சேர்த்தே இருக்கிறது: சேலம், தர்மபுரி, புதுக்கோட்டை, திருச்சி, பழைய வட, தென் ஆற்காடுகள். எனவே வேறு ஊரில் தங்கிப் படித்தாலும் பூர்வீகம் சேலம் மாவட்டம் என்பதற்கான பெற்றோர் ஆவணங்களை உடன் வையுங்கள். பழங்குடியினர் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர். தாசில்தாரிடம் கையெழுத்துக்கு நிற்காதீர்கள்.

கே: டெல்லி அலுவலகத்தில் என்னை 'மதராசி' என்றே கூப்பிடுகிறார்கள். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாமா?
– ஒரு வாசகி, ஓமலூர்

ப: கேட்டால் அன்றைய பஞ்சாயத்து உங்கள் நாலு வார்த்தையைப் பற்றியதாகிவிடும், அவர் தப்பிவிடுவார். 1969 வரை நம் மாநிலத்தின் பெயரே மெட்ராஸ். 1953 வரை ஆந்திரக் கடலோரமும் 1956 வரை மலபாரும் அதற்குள் இருந்தன. பெயர் போயும் வாய்ப்பழக்கம் போகவில்லை. (சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கு ஒடிசா பையன் வந்தால் நாமும் 'இந்திக்காரன்' என்றுதான் சொல்வோம். அவன் வீட்டில் பேசுவது ஒடியா.)

முதல் தடவை சிரித்தபடி, "நான் சேலம். மெட்ராஸ் அங்கிருந்து 340 கிலோமீட்டர்" என்று சொல்லுங்கள். தெரியாமல் சொன்னவர் இதிலேயே திருந்திவிடுவார். தெரிந்தே சொல்பவரைத் தனியாகக் கூப்பிட்டு, "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் வீம்புக்காகவே தொடர்வார். அதற்கும் அடங்காவிட்டால் தேதி, அவர் சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் பெயர் மூன்றையும் அன்றன்றே குறித்து வைத்து மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். "எப்பவும் இப்படித்தான் பேசுறார்" என்று மட்டும் எழுதும் புகார் விசாரணையில் நிற்காது.