நன்றிக் குறிப்பேடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. ஒரு தோழி சொன்னாள் என்று இந்த வருடத் தொடக்கத்திலிருந்து தினமும் படுக்கப்போகும் முன், நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. உடல்நலம், வேலை, வீடு, கணவர், மகள். நேற்று எழுதியதையே இன்றும் எழுதுகிறேன், மனதில் ஒன்றும் அசைவதில்லை. இத்தனை இருந்தும் எதையும் உணர முடியவில்லை என்றால் நான் நன்றி கெட்டவளா என்று தோன்றிவிட்டது. அந்த நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

எனக்குப் பெரும்பாலும் இரவுப் பணி. வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். கணவரும் மகளும் தூங்கியிருப்பார்கள். மாமனார் மட்டும் கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருப்பார். நான் கதவைத் திறக்கும் சத்தத்தில் விழித்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துவிடுவார். ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். இதை யாரிடமாவது சொன்னால், "உனக்கென்னம்மா குறை, உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்" என்கிறார்கள். உண்மைதானே என்று நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

மகளுக்கு ஏழு வயது. யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். "தேங்க்ஸ் சொல்லு" என்று பின்னாலேயே கத்த வேண்டியிருக்கிறது. எனக்கே வராத ஒன்றை அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பெயரை வெளியிட வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த நோட்டைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். பயந்துகொண்டே திறக்கும் ஒன்று உங்களுக்கு நல்லது செய்யப்போவதில்லை. நீங்கள் நன்றி கெட்டவரும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இதற்காக உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் பரவலானதற்கு ஒரு முக்கியக் காரணம் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு நன்றியோடு நினைக்க வேண்டியவற்றை எழுதியது, ஒரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது, இன்னொரு குழு நடந்தவற்றை வெறுமனே குறித்தது. நன்றியை எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவாக உணர்ந்தார்கள், உடல் உபாதைகளும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். அந்த முதல் ஆய்வில் அவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒருமுறை, பத்து வாரங்கள் மட்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அப்புறம் 2005-ல் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இன்னொன்றைச் சொன்னார்கள். ஆறு வாரம், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. மூன்று முறைக்கே அப்படி. நீங்கள் வாரத்தில் ஏழு நாளும் எழுதுகிறீர்கள். தினமும் ஒரே வேலையைச் செய்தால் மனம் அதற்குப் பழகி மரத்துப்போகும், உங்களுக்கு நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் எத்தனை முறை எழுதினீர்கள் என்பதைவிட என்ன எழுதினீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடல்நலம், வேலை, வீடு, கணவர், மகள். எல்லாமே வெறும் தலைப்புகள். தலைப்பைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு நெகிழாது. அதில் ஒரு சம்பவம் கிடையாது, அதைச் செய்தவரின் முகமும் கிடையாது. உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்திருக்கிறீர்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து நன்றி வரும் என்று எதிர்பார்த்ததுதான் சிக்கல். ஒருவர் நமக்காக ஒன்றைச் செய்தார், அவர் செய்யாமலும் இருந்திருக்கலாம் என்று தெரியும்போதுதான் அது தானாக வரும்.

உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை வாசித்ததே அந்த நாற்காலி வரிக்காகத்தான். பேச ஆளில்லை என்று சொல்ல வந்த இடத்தில், போகிறபோக்கில் மாமனாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் அங்கேயே நின்று பாருங்கள். வயதானவர். உள்ளே படுக்கை இருக்கிறது, தூக்கம்தான் வேண்டும் என்றால் படுத்துத் தூங்கலாம். நாற்காலியில் கழுத்து ஒரு பக்கம் சாய, கால் மரத்துப்போக, முகத்துக்கு நேரே விளக்கு எரிய எதற்காக உட்கார்ந்திருக்கிறார்? படுத்தால் அயர்ந்துவிடுவோம், நீங்கள் வருவது தெரியாமல் போய்விடும் என்றுதான் இருக்கவேண்டும். உங்களிடம் சாவி இருக்கிறது, நீங்களே திறந்துகொண்டு வந்துவிடுவீர்கள், அவர் விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நீங்கள் உள்ளே வந்த பிறகுதான் தாழ்ப்பாள் விழுகிறது, அதற்குப் பிறகுதான் அவர் படுக்கிறார். அவர் மனதில் இருப்பதை முழுக்க அறிந்தவன்போல நான் பேசக் கூடாது. ஆனால் இதற்கு வேறு காரணம் என்ன இருக்க முடியும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து தலைப்புகளில் அவர் இல்லை. அந்த நோட்டில் ஒருநாளாவது அவர் வந்தாரா?

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உங்களுக்குப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவர் பேசவில்லை, அதனால் அவர் கண்ணில் படவில்லை. இதிலிருந்து உடனே, 'பார்த்தாயா, நான் தனியாக இல்லை, வீணாகப் புலம்பினேன்' என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். உங்களுக்காக ஒருவர் விழித்திருக்கிறார், அதே நேரம் உங்களுக்குப் பேச ஆளில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கத் தேவையில்லை.

அந்த "உனக்கென்ன குறை" பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அடுத்தவர் படும் பாட்டைப் பார்த்து, நல்லவேளை நமக்கு அப்படி இல்லை என்று ஆறுதல் அடைவதை எந்தக் கணக்கில் நன்றி என்கிறார்கள்? அதில் நமக்கு நல்லது செய்தவர் யாருமே இல்லை. அந்தக் கஷ்டப்படுகிறவருக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை, அவருடைய துன்பம் நம் மனநிம்மதிக்குப் பயன்படுகிறது, அவ்வளவுதான். இதைவிட மோசமானது, வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நியாயமான கோரிக்கையை வைத்தால் "வேலை இருக்கிறதே என்று சந்தோஷப்படு" என்பது. இரவுப் பணி உடம்பையும் மனதையும் என்ன செய்யும் என்பது இன்றைக்கு மருத்துவ உலகில் நன்றாகவே தெரிந்த விஷயம். உடலுக்குள் இருக்கும் இருபத்துநாலு மணிநேரக் கடிகாரம் வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து ஓடுவது. அதற்கு எதிராக மாதக்கணக்கில் வேலை செய்தால் தூக்கம் கெடும், மனமும் சோர்ந்துபோகும். அதனால் பணிநேரத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள். வேலை கொடுத்ததற்கு நன்றியோடு இருப்பதும், நேரத்தை மாற்றிக் கேட்பதும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்யக்கூடிய காரியங்கள்தான்.

குறை பளிச்சென்று தெரிவதும் நல்லது தெரியாமல் போவதும் ஏன் என்பதற்கு ஷாய் டேவிடாய், தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2016-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். சைக்கிளில் எதிர்க்காற்றில் போகிறவர் ஒவ்வொரு மிதிக்கும் காற்றை உணர்கிறார், எப்போது முடியும் என்று தவிக்கிறார். பாதை திரும்பிக் காற்று முதுகுப்பக்கம் வந்ததும் கொஞ்ச தூரம் சுகமாக இருக்கும், அப்புறம் காற்று என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தடையைத் தாண்ட நாம் ஏதாவது செய்தாக வேண்டும், அதனால் அதிலேயே கண் இருக்கிறது. துணையாக இருப்பதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, எனவே கவனமும் அங்கே போவதில்லை. எல்லா மனிதருக்கும் உள்ள அமைப்பு இது, இதற்காக உங்களையே நீங்கள் திட்டிக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. முதுகுப்பக்கம் அடிக்கும் காற்றைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, அது நின்றுபோனதாக நினைத்துப் பார்ப்பது. 2008-ல் வந்த ஓர் ஆய்வில் தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதங்களை எழுதியவர்களுக்கு அந்த உறவில் அதிக நிறைவு தெரிந்தது. ஒருநாள் நீங்கள் கதவைத் திறக்கும்போது கூடம் இருட்டாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே நின்று 'அப்பாவுக்கு என்ன ஆச்சு' என்றுதானே பதறுவீர்கள்?

சரி, நோட்டுக்குப் பதில் என்ன செய்வது? சொல்லிவிடுங்கள். எழுதி வைத்து மூடுவதைவிட, செய்தவரிடம் நேரே சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். கூச்சமாக இருக்கும், செயற்கையாகத் தெரியுமோ என்று தோன்றும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். தங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் சொன்னார்கள். எழுதியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சங்கடம் வாங்கியவர்களுக்கு இல்லை, எதிர்பார்த்ததைவிட ஆச்சரியமும் மகிழ்ச்சியும் அதிகமாக இருந்தன. வார்த்தை சரியாக வரவில்லையே என்ற கவலை எழுதுகிறவருக்குத்தான், படிக்கிறவர் அதிலிருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார்.

என் முதல் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேலை பிழையைக் கண்டுபிடிப்பது, அதற்குத்தான் சம்பளம். அவர் திருத்தித் தந்த தாள்களில் சிவப்புக் கோடுகளுக்கு நடுவே, அங்கங்கே ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். என்ன என்று புரியாமல் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பிடிபட்டது, அவருக்குப் பிடித்த வரிகள் பக்கத்தில் மட்டும் அந்தப் புள்ளி விழுகிறது. யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை, அச்சுக்குப் போகும்போது அழிந்துவிடும் ஒன்று. எழுதலாமா விட்டுவிடலாமா என்று நான் தயங்கிய நாட்களில் அந்தப் புள்ளிகளை எடுத்துவைத்துப் பார்ப்பேன். பல வருடம் கழித்து அவரைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. எனக்கும்தான்.

நீங்கள் பெரிய உரை எதுவும் நிகழ்த்த வேண்டாம். பேசாத மனிதர் என்பதால் அவரைச் சங்கடப்படுத்தாத அளவில் ஒரு வரி போதும். "நீங்க முழிச்சிருக்கிறது தெரிஞ்சா வர்ற வழியெல்லாம் எனக்குப் பயமே இல்லப்பா" என்று சொல்லலாம். உங்களுக்கு எது உண்மையோ அதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக 'எல்லாத்துக்கும் நன்றி' என்று மட்டும் வேண்டாம், அது அந்த ஐந்து தலைப்பு மாதிரியேதான் ஆகிவிடும். முடிந்தால் ஒருநாள் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிச் சாப்பிடுங்கள். வருவாரோ மாட்டாரோ, கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனதில் ஒன்றும் அசைவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பு பிடித்தவையும் இப்போது பிடிக்காமல் போய், தூக்கம், பசி எல்லாம் மாறி, அது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நன்றிப் பயிற்சிகள் மனச்சோர்வையும் பதற்றத்தையும் எவ்வளவு குறைக்கின்றன என்று 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, பலன் குறைவு என்றே சொல்கிறது. மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றியை அதற்கு மருந்தாகக் கொடுப்பது நோயாளியை மேலும் குற்ற உணர்வில் தள்ளக்கூடும். உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நோட்டைத் திறக்கவே பயம் என்ற வரியை என்னால் கண்டும் காணாமல் விட முடியவில்லை.

மகள் விஷயத்தில் கவலைப்படாதீர்கள். ஏழு வயதுக் குழந்தை கையில் கிடைத்த பொருளைத்தான் பார்க்கும், அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பார்க்க வைப்பது நம் வேலை. ஆண்ட்ரியா ஹஸ்ஸாங் என்ற உளவியலாளர் குழந்தைகளின் நன்றியைக் கவனிப்பது, யோசிப்பது, உணர்வது, செய்வது என்று நான்காகப் பிரித்துச் சொல்கிறார். "தேங்க்ஸ் சொல்லு" என்று கத்தும்போது நாம் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நேராக நான்காவதைப் பிடித்துக்கொள்கிறோம். ஓடுகிறவள் ஓடட்டும். சாயங்காலமோ மறுநாளோ அவள் அதை வைத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, இது உனக்குப் பிடிக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது, இதைத் தேடி எடுக்க எங்கெல்லாம் போயிருப்பார்கள் என்று கேளுங்கள். ஏதாவது பதில் சொல்வாள், அது நீங்கள் நினைத்தே பார்க்காத பதிலாகவும் இருக்கும். அதை அப்படியே அவர்களிடம் போனில் சொல்லச் சொல்லுங்கள், பக்கத்திலிருந்து திருத்தாதீர்கள்.

அன்புடன்.